கழற்றியதைக் காப்போம்

பழைய மோட்டார் வண்டியொன்றைப் புதுப்பிக்கப் போவதாகச் சொல்பவரிடம், "எதை எதை மாற்றப் போகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எஞ்சினைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் மரியாதை இருக்கும். வெளி வண்ணத்தைப் பற்றிச் சொல்லும்போது ஆசை இருக்கும். உள்ளே இருக்கும் ஆசனம், கதவின் உட்பலகை, கூரைத் துணி, டாஷ்போர்டு ஆகியவற்றைப் பற்றிக் கேட்டாலோ, "அதெல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதிதாக அடித்துவிடலாம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். அந்த ஒரு மூச்சோடுதான் எனக்கு வழக்கு.

பழைய காரின் உட்புறத்தைக் கழற்றுவதே குற்றம் என்று சொல்ல நான் வரவில்லை. கழற்றாமல் பழுது பார்க்க இயலாது. துருப்பிடித்த தகடும் உளுத்த கம்பியும் அந்த அலங்காரத்துக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கின்றன. ஆயினும் கழற்றுவது வேறு, பிய்ப்பது வேறு. கழற்றுகிறவன் மீண்டும் பூட்டத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். பூட்டப் போவதில்லை என்றாலும், கழற்றியதைக் காத்து வைக்க வேண்டும். ஒரு வண்டியின் வரலாறு பெரும்பாலும் அதன் உட்புறத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பது என் கட்சி.

இதைச் சொல்வதற்குக் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், இங்கிருந்து சிறிது நேர ரயில் பயணத்தில் உத்தரபாரா இருக்கிறது. 1942ஆம் ஆண்டு குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கப்பெற்ற இந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948இல் இங்கே இடம் பெயர்ந்தது. ஆங்கிலேய மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு 1950களின் பிற்பகுதியில் அம்பாசடர் பிறந்தது இங்கேதான். 2014ஆம் ஆண்டு மே மாதம் அதன் உற்பத்தி நின்றதும் இங்கேதான். அந்த வண்டியின் பெயரையே 2017இல் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சு நாட்டுப் பெஜோ நிறுவனம் வாங்கிக்கொண்டது. பெயருக்கு அவ்வளவு விலை. வண்டிக்குள் இருப்பதற்கு என்ன விலை என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை!

அம்பாசடரின் வெளித்தோற்றம் அரை நூற்றாண்டுக்கு மேலாக அதிகம் மாறவில்லை. அந்த உருண்டைக் கூரையும் பருத்த முதுகும் நம் தாத்தா காலத்திலும் அவைதாம், நம் காலத்திலும் அவைதாம். முன்பக்கத்துக் கம்பிவலை மாறியது, விளக்கு மாறியது, அவ்வளவே. உட்புறம் அப்படியன்று. 1960களில் மார்க் 2 வந்தபோது டாஷ்போர்டும் அளவுமானிகளும் புது வடிவம் பெற்றன. ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் இருந்த கியர்ப்பிடி, 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு எஞ்சின் வந்தபோது தரைக்கு இறங்கியது. முன்பக்கம் மூவர் நெருக்கி உட்கார்ந்த நீண்ட பெஞ்சு ஆசனம் போய்த் தனித்தனி ஆசனங்கள் வந்தன. வெளியே நின்று பார்த்தால் எந்த ஆண்டு வண்டி என்று சொல்லத் தடுமாறுகிறவன், கதவைத் திறந்து உள்ளே ஒரு பார்வை பார்த்தால் சொல்லிவிடுவான். அந்த உட்புறத்தைப் பிய்த்தெறிந்து, புது ரெக்ஸினும் பளபளப்பான மரத்தாளும் ஒட்டிவிட்டால் எஞ்சுவது என்ன? பிறந்த தேதி அழிக்கப்பட்ட ஒரு கூடு.

இதில் காலத்தாழ்வுக்கும் இடமில்லை. வயது 15ஐக் கடந்த வாடகை வண்டிகளை நகரப் பகுதியிலிருந்து விலக்க வேண்டுமென்று 2008இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. (ஊரின் பெயர் மாறினாலும் நீதிமன்றத்தின் பெயர் மாறவில்லை.) மஞ்சள் அம்பாசடர்கள் அணியணியாக உடைக்கப்பட்டன; 2014க்குப் பிறகு புதியவை பிறக்கவும் இல்லை. நம் ஊரில் காயலான் கடை என்கிறோமே, அதன் பெரிய தமையன்மார் இந்நகரில் பல உண்டு. அங்கே எஞ்சினுக்கு விலை உண்டு. இரும்புக்கு எடை உண்டு. கதவுக்கும் கண்ணாடிக்கும் கூட வாடிக்கையாளர் உண்டு. உள்ளலங்காரம் மட்டும் கடப்பாறையால் நெம்பப்பட்டுக் குப்பையில் சேர்கிறது. ரெக்ஸின் கிழிந்து, அட்டை ஊறி, பஞ்சும் நாரும் வெளியே தள்ளிக்கொண்டு கிடக்கும் அந்தக் குவியலைப் பார்க்கிறவனுக்கு அது குப்பைதான். ஆனால் அந்த நாரைக் கொஞ்சம் கவனியுங்கள். பல பழைய இந்திய வண்டிகளின் ஆசனங்களில் இருந்தது ரப்பர்ப் பால் ஊட்டிய தேங்காய் நார். தென்னை இல்லாத ஊர்களின் சாலைகளிலெல்லாம் மக்கள் தென்னைமேல் உட்கார்ந்து சென்றிருக்கிறார்கள்! இது எந்த விளம்பரத்திலும் எழுதப்பட்டிராது. கிழித்துப் பார்த்தால்தான் தெரியும். கிழிப்பதைக் கவனத்தோடு கிழித்தால் குறித்தும் வைக்கலாம்.

இனி, கழற்றும் வேலையைப் பற்றி. விஞ்ஞானம் பயிலும் மாணவர் பலர், இதை மெக்கானிக்கின் வேலை, நமக்கு இதில் என்ன என்று எண்ணக்கூடும். மல்லிக் பஜாரின் பழைய உதிரிப் பாகக் கடைகளுக்குப் பின்னால் ஒரு முதிய மிஸ்திரி வேலை செய்வதை ஒரு பிற்பகல் முழுதும் நின்று பார்த்த பிறகு எனக்கு அந்த எண்ணம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் நாம் படிக்கும் பாதிப் பாடம் அவர் விரலில் இருந்தது.

முதலில் அவர் தொட்டது பேட்டரியை. டாஷ்போர்டின் பின்னால் ஓடும் பழைய கம்பிகளுக்கு ரப்பரும் பருத்திப் பின்னலுமே உறை; அது காலத்தால் பொடியாகியிருக்கும். கம்பி எங்கேனும் தகட்டில் பட்டால், பேட்டரியின் உள் தடை ஓர் ஓமின் நூற்றில் ஒரு பங்கே என்று வைத்துக்கொண்டாலும், 12 வோல்ட்டுக்கு ஆயிரம் ஆம்பியர் அளவில் மின்சாரம் பாயும். புகை கிளம்புவதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ப் பேட்டரியைக் கழற்ற நேரம் இராது. இன்னொன்றும் உண்டு. 1950களின் மாரிஸ் வண்டிகளில் பேட்டரியின் நேர்முனைதான் வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய வழக்கம் இதற்கு நேர் எதிர். இந்தக் கணக்கு அறியாத இளைஞன் திரும்பப் பூட்டும்போது முனைகளை மாற்றிவிட்டால், ஆம்பியர்மானியின் முள் தலைகீழாகப் பேசும். வானொலிப் பெட்டி இருந்தால் அதன் கதை அன்றோடு முடிந்தது.

அடுத்து நிறங்கள். லூக்காஸ் நிறுவனத்தார் கம்பிகளுக்கு வகுத்த வண்ணமுறை ஒன்று உண்டு. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக, எந்தச் சாவியும் தடுக்காமல் வரும் மின்சாரம். வெள்ளை என்றால் சாவியைத் திருப்பிய பிறகு வருவது. பச்சை, அதே மின்சாரம் ஃப்யூஸைக் கடந்து வருவது. நீலம் முகப்பு விளக்குக்கு, சிவப்பு பின்விளக்குக்கு, கறுப்பு தரைக்கு. சென்னைப் பாடியில் 1960களில் எழுந்த லூக்காஸ் டி.வி.எஸ். தொழிற்சாலையை அறிந்த நம்மவருக்கு இந்தப் பெயர் புதிதன்று. முறை என்னவோ அழகானதுதான். ஆனால் 50 ஆண்டு ஓடிய வண்டியில் கம்பிகளெல்லாம் ஒரே அழுக்கு நிறத்தில் இருக்கும். நடுநடுவே வந்துபோன மிஸ்திரிகள் கைக்குக் கிடைத்த கம்பியை ஒட்டுப் போட்டிருப்பார்கள். ஆகவே நிறத்தை நம்பாமல், ஒவ்வொரு கம்பியும் எந்த முனையிலிருந்து எந்த முனைக்குப் போகிறது என்று சீட்டு எழுதிக் கட்டிய பிறகே பிரிக்க வேண்டும். நம் மிஸ்திரி சீட்டு எழுதவில்லை, நினைவிலேயே வைத்துக்கொண்டார். அவர் நினைவு அவரோடு போய்விடும் என்பதே என் கவலை.

கதவின் உட்பலகையில் கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைப் பார்த்திருப்பீர்கள். அக்காலத்து ஆங்கில வண்டிகள் பலவற்றில் அதைக் கழற்றத் திருகாணியே கண்ணில் படாது. எங்கே திருகாணி என்று தேடிக் களைத்து, சுத்தியலால் தட்டிக் கைப்பிடியை முறித்தவர்கள் எத்தனையோ பேர். கைப்பிடியின் அடியில் வட்டமான ஒரு தட்டு இருக்கும். அதை விரலால் பலகையோடு அழுத்தினால், உள்ளிருக்கும் சுருள்வில் அமுங்கி, தண்டில் குறுக்காகச் செருகிய ஒரு சிறு ஊசி தென்படும். ஆணி ஒன்றால் அதைத் தள்ளினால் கைப்பிடி தானே கையோடு வரும். இவ்வளவுதான் இரகசியம்! கைப்பிடி வந்த பிறகு, அகன்ற தட்டையான நெம்புகோலை ஒவ்வொரு கவ்விக்கும் வெகு அருகில் செருகி, அட்டையைச் சிறிது சிறிதாக விடுவிக்க வேண்டும். கவ்விக்கு நான்கு விரற்கடை தள்ளி நெம்பினால் கவ்வி அங்கேயே இருக்கும், அட்டைதான் கிழிந்து வரும்.

கூரைத் துணி இன்னும் வேடிக்கை. அது குறுக்கே வளைந்த கம்பிகளில் கோக்கப்பட்டுத் தொங்குவது. பார்வைக்கு எல்லாக் கம்பிகளும் ஒன்றுபோல் இருக்கும். உண்மையில் கூரையின் வளைவு முன்னிருந்து பின்னுக்கு மாறுவதால் ஒவ்வொரு கம்பியும் வெவ்வேறு நீளம், வெவ்வேறு வளைவு. கழற்றும்போதே முன்னிருந்து 1, 2, 3 என்று எண் கட்டாவிட்டால் பிறகு துணி சுருங்கித் தொங்குவதைப் பார்த்து வருந்த வேண்டியதுதான்.

டாஷ்போர்டுக்கு வருவோம். இங்கேதான் பொருளியல்பு அறிந்தவனுக்கு வேலை. 1907இல் பேக்லாந்து கண்டுபிடித்த பேக்லைட் குமிழ்கள் ஒருமுறை இறுகியவை. சூட்டில் இளகமாட்டா, நெம்பினால் உடையும். பி.வி.சி. உறையோ அப்படியன்று, அதை மிருதுவாக வைத்திருந்த எண்ணெய்ப் பொருள் ஆண்டாண்டாகக் கசிந்து போனதால் வறண்டு வெடித்திருக்கும். சற்றே சூடேற்றினால் இளகிக்கொடுக்கும். குளிர்காலக் காலையில் எட்டு மணிக்கு அதைத் தொடுவதைவிட, வெயிலில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டுத் தொடுவது அறிவு. மரப்பலகை பொருந்திய இன்னும் பழைய வண்டிகளுக்கு வேறு விதி. வங்காளத்து மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பும். மார்கழி தையில் சுருங்கும். ஆடியில் நெம்பியெடுத்த பலகையைத் தையில் பூட்டப் போனால், உலர்ந்து சுருங்கிய அது தன் பழைய திருகு துளைகளோடு ஒத்துவராது. அளவு எடுத்த பருவத்தையும் அளவோடு சேர்த்து எழுத வேண்டும்.

திருகாணிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எல்லாவற்றையும் அங்குலத்தில் அளந்த அந்நாளைய இங்கிலாந்தில், மின்கருவிகளுக்கும் அளவுமானிகளுக்கும் பயன்பட்ட சிறு திருகாணிகளின் அளவு மட்டும் மில்லிமீட்டரில் பிறந்தது! பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற விஞ்ஞானிகளின் சங்கம் 1884இல் வகுத்த முறை அது. சுவிட்சர்லாந்து நாட்டுத் திருகுகளைப் பார்த்து வகுத்தது. பூஜ்ய எண் திருகாணிக்கு விட்டம் 6 மில்லிமீட்டர், புரியிடை 1 மில்லிமீட்டர். அடுத்தடுத்த எண்ணுக்குப் புரியிடை முந்தையதில் பத்தில் ஒன்பது பங்கு. அழகிய பெருக்குத்தொடர் அன்றோ? 2ஆம் எண்ணின் புரியிடை 0.81, இன்றைய 5 மில்லிமீட்டர் திருகாணியின் புரியிடை 0.8. இந்த ஒற்றுமையைக் கண்டு, தொலைந்த பழைய திருகாணிக்குப் பதில் கடைத்தெருத் திருகாணியை அழுத்தித் திருகுவார்கள். பழையதன் விட்டமோ 4.7தான். பித்தளைப் புரி அத்தோடு போயிற்று. ஒரு தீப்பெட்டியில் போட்டு, எந்த இடத்துத் திருகாணி என்று மேலே எழுதி வைத்திருந்தால் இந்தக் கேடு இல்லை.

அளவுமானிகளில் இரண்டு எச்சரிக்கைகள். எஞ்சினின் வெப்பத்தைக் காட்டும் பழைய மானி பலவற்றில் மின்கம்பி இராது. மயிரிழைபோன்ற ஒரு செப்புக்குழாய் எஞ்சினிலிருந்து டாஷ்போர்டுவரை வரும். உள்ளே ஈதர் இருக்கும். கம்பி என்று எண்ணி வெட்டினால் மானி செத்தது. குழாயை எஞ்சின் பக்கத்தில் விடுவித்து, மானியோடு சேர்த்து முழுதாக எடுக்க வேண்டும். மற்றொன்று, இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட கருவிகளில் சிலவற்றின் முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் கலந்த ஒளிப்பூச்சு இருக்கக்கூடும். இப்போது இருட்டில் ஒளிரவில்லையே என்று துணிந்துவிடக் கூடாது. ஒளிர்ந்த துத்தநாக சல்ஃபைடுதான் பழுதடைந்தது. ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டு. கண்ணாடியைத் திறக்காமல் அப்படியே வைப்பது நலம்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்ததை என்ன செய்வது என்பதே அடுத்த கேள்வி. எல்ஜின் சாலையில் நேதாஜி பவனத்துக்குச் சென்றவர்கள் அங்கே ஒரு ஜெர்மன் வாண்டரர் காரைப் பார்த்திருப்பீர்கள். 1937ஆம் ஆண்டு வண்டி, எண் பி.எல்.ஏ. 7169. 1941 ஜனவரி 16ஆம் நாள் இரவு, காவலைத் தப்பி நேதாஜி அதில்தான் புறப்பட்டார். தமையன் மகன் சிசிர் குமார் போஸ் ஓட்டினார். கோமோ ரயில் நிலையத்தில் பயணம் முடிந்தது. அண்மையில் அவ்வண்டி பழுது பார்க்கப்பெற்று, 2017 ஜனவரியில் அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி திறந்துவைத்தார். அந்த வண்டியின் முன் நிற்பவர் எதைப் பார்க்கிறார்? வண்ணத்தையா? இல்லை. கண்ணாடி வழியே எட்டி, பின்னாசனத்தை. அவர் உட்கார்ந்த இடம் அதுவே என்று ஒரு கணம் நிற்கிறார். வண்டியின் உயிர் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

பெரியோர் வண்டிக்கு அந்த மதிப்பு, வாடகை வண்டிக்கு எதற்கு என்று கேட்கலாம். 30 ஆண்டு மஞ்சள் வண்டி ஓட்டியவரின் கைபட்டுத் தேய்ந்த ஸ்டியரிங்கும், காளியின் படம் ஒட்டி ஒட்டி நிறம் மாறிய டாஷ்போர்டும் எனக்குச் சிறியவையாகத் தோன்றவில்லை. நேதாஜியின் வண்டி ஒன்று. அதைக் காக்கப் பெரியவர்கள் உண்டு. மஞ்சள் வண்டிகள் ஆயிரமாயிரம்; அதனாலேயே அவற்றுள் ஒன்றின் உட்புறமும் முழுதாக மிஞ்சாமல் போய்விடலாம்.

சட்டமும் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. அசல் வடிவத்தில் பேணப்பட்டு, பெருமாற்றம் செய்யப்படாதிருந்தால்தான் அந்தத் தகுதி. அசல் வடிவம் என்றால் வெளிக்கூடு மட்டுமா? உட்புறமும் சேர்ந்ததே என்று பொருள் கொள்வதுதான் நேர்மை என்பேன். பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு இத்தாலியின் டூரின் நகரில் வகுத்த சாசனம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. செய்யும் மாற்றம் திரும்ப நீக்கத்தக்கதாக இருக்கட்டும். நீக்கிய முக்கியமான பழைய பாகங்கள் வண்டியோடேயே இருக்கட்டும் என்கிறது. 1968இல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை தொடங்கிய பழங்கார் அணிவகுப்பு இந்நகரின் பெருமை. அங்கே கூடும் மக்கள் பளபளப்புக்குத்தான் கை தட்டுகிறார்கள். மங்கிய, ஆனால் பிறந்தபோது இருந்த ஆசனத்துக்கும் யாரேனும் தட்டலாம்.

கிழிந்த ஆசனத்தில் நாங்கள் உட்கார வேண்டுமா என்று சொந்தக்காரர்கள் சீறுவது நியாயந்தான். எலி குடியிருந்த மெத்தையில், பூசணம் பிடித்த கூரையின் கீழ், குடும்பத்தோடு போகச் சொல்ல எனக்கு மனமில்லை. புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள், பழைய துளைகளையே பயன்படுத்திப் போடுங்கள். பழையதை உலர்த்தி, சீட்டுக் கட்டி, ஒரு பெட்டியில் பரண்மேல் வையுங்கள். வண்டியை விற்கும்போது பெட்டியையும் கொடுத்தனுப்புங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு டயரின் விலைகூட இராது. மிஸ்திரிக்கு நேரம் வீணாகிறதே என்றால், அந்த நேரத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும். கவனமாகக் கழற்றுகிறவனுக்கும் கடப்பாறை போடுகிறவனுக்கும் ஒரே கூலி கொடுத்துவிட்டுக் கவனத்தை எதிர்பார்ப்பது முறையன்று.

நம் சங்கத்தாரால் ஆகக்கூடிய காரியம் ஒன்றும் இதில் இருக்கிறது. உடைக்கப் போகும் மஞ்சள் அம்பாசடர் ஒன்றின் உட்புறத்தை மட்டும் விலைபேசி வாங்கலாம். இரும்பை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பௌதிகமும் இரசாயனமும் பொறியியலும் படிப்பவர் நம்மில் போதுமான பேர் இருக்கிறோம். அவசரமின்றிக் கழற்றி, ஒவ்வொன்றையும் அளந்து, படம் எடுத்து, எண் இட்டு, மிஸ்திரி ஒருவரைப் பக்கத்தில் இருத்தி அவர் சொல்வதை எழுதி, முழுத்தொகுதியாகக் குருசதய் சாலையில் உள்ள பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தாரிடம் கொடுத்துப் பார்க்கலாம். அம்பாசடரைச் செய்த அதே பிர்லா குடும்பத்தின் பழைய இல்லத்தில் 1959 முதல் நடக்கும் காட்சியகம் அது. மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். மறுத்தால் கோயமுத்தூரில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையார் 2015இல் திறந்த கார் அருங்காட்சியகம் இருக்கிறது. ரயிலில் அனுப்பினால் போகிறது.

வேலையை மழை நின்ற பிறகு, கார்த்திகையில் தொடங்குவது நல்லது. முதல் ஞாயிறு கம்பிகளுக்கு மட்டும். எதையும் பிரிக்காமல், டாஷ்போர்டின் கீழ் மல்லாந்து படுத்து வரைபடம் எழுத ஒருவர், விளக்குப் பிடிக்க ஒருவர், சீட்டுக் கட்ட இருவர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். பழைய சட்டை அணிந்து வருக.